உறவுக்கு ஒரு நோட்டு, நிலவுக்கு ஒரு நோட்டு

ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகாமல் போனால் மெய்ப்பு பார்ப்பவர் பிடித்துவிடுவார். பதினோராம் அத்தியாயத்தில் அடகுக்கடைக்குப் போன மூக்குத்தி, மீட்கப்படாமலே பதின்மூன்றாம் அத்தியாயத்தில் நாயகியின் மூக்கில் மின்னினால் அவர் கண்ணில் படாது. அவரைக் குறை சொல்ல முடியாது. எழுத்தெழுத்தாகப் பார்க்கிறவருக்குக் கதை ஓடாது. எழுதியவருக்கோ கதை மனத்தில் ஓடிக்கொண்டே இருப்பதால் தாளில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வாசிப்பு தேவைப்படுகிறது. அதை மட்டும் கூலி வாங்கிக்கொண்டு செய்து தருகிற இடம் ஒன்று மதுரையில் இருக்கிறது. எங்கள் பதிப்பகத்தின் நாவல் ஒன்றை அங்கே கொடுத்து வாங்கினேன். நல்லதையும் சொல்கிறேன், கடுப்பையும் சொல்கிறேன்.

பெயர்ப் பலகை கிடையாது. வடக்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில் ஒரே அறை. நாளிதழ் ஒன்றின் மெய்ப்புப் பிரிவில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்ற பெரியவரும் அவருடைய மகளும் நடத்துகிறார்கள். பெரியவர் தாளில் படிக்கிறார், மகள் கணினியில் தேடுகிறார். பெயரைப் போட்டுவிடாதீர்கள் என்று இருவரும் கேட்டுக்கொண்டார்கள். புத்தகக் காட்சிக்கு முந்தைய மாதங்களில் வந்து குவிகிற கட்டுகளையே அவிழ்த்து முடியவில்லையாம்.

நாங்கள் கொடுத்தது போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரக் குடும்பம் ஒன்றின் கதை. 1954இல் தொடங்கி 1998இல் முடிகிறது. மூன்று தலைமுறை, முப்பது ஃபாரம், அதாவது 480 பக்கம். எழுதியவர் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், கணக்கில் புலி. அவருடைய நாயகி ஓர் ஆவணியில் கருவுற்று மறு ஆண்டு ஐப்பசியில் பிள்ளை பெறுகிறாள். பதினான்கு மாதம். நானும் இருமுறை படித்திருந்தேன், பத்திரிகைக்காரர் ஒருவரும் படித்துப் பாராட்டியிருந்தார். வளைகாப்புக் காட்சி அவ்வளவு அழகாக இருந்ததால் யாரும் விரல் மடக்கி எண்ணவில்லை.

பெரியவர் எண்ணுகிறார். முதல் வாசிப்பில் பேனாவைத் தொடுவதே இல்லை. இரண்டாம் வாசிப்பில் நான்கு நோட்டுகள் திறக்கின்றன. ஒன்று உறவு. ஒன்று காலம், அதாவது ஆண்டு, மாதம், கிழமை, திதி. ஒன்று பொருள், யார் கையில் எந்த நகை, எந்தப் பத்திரம், எந்தக் குடை. நான்காவது நோட்டின் அட்டையில் “யாருக்கு என்ன தெரியும்” என்று எழுதியிருக்கிறது. எனக்கு இந்த நான்காவது நோட்டின் மேல்தான் ஆசை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

காலக் கணக்கைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 1954இல் போடிமெட்டில் கேரளப் போலீஸ்காரர் ஒருவர் ஏலக்காய் மூட்டையைக் குத்திப் பார்க்கிறார். கேரளம் பிறந்ததே 1956 நவம்பர் 1ஆம் தேதி. அதுவரை மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சி. 1955இல் ஒருவர் ஐம்பது பைசாவுக்கு வெற்றிலை வாங்குகிறார், தசம நாணயம் வந்தது 1957 ஏப்ரலில். 1961ஆம் ஆண்டுப் பத்திரத்தில் ‘தமிழ்நாடு அரசு’ என்று இருக்கிறது, பெயர் மாறியது 1969 ஜனவரி 14. 1965இல் வந்த கடிதத்தில் பின்கோடு, அது 1972இல் வந்தது. 1982இல் தேனி மாவட்ட ஆட்சியர் கொடியேற்றுகிறார், அந்த மாவட்டம் 1996இல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. எல்லாமே ஒரு சொல்லை மாற்றினால் சரியாகிவிடும். சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவிக் கண்ணகி கோயிலுக்குப் போனவர்கள் மூன்றாம் நாள் நள்ளிரவில் கும்மிருட்டில் தடுமாறுகிறார்கள். “தேய்பிறை மூன்றாம் நாள் நள்ளிரவில் நிலா மேலே இருக்கும்” என்பது ஓரக் குறிப்பு. எழுத்தாளர் கோடைமழை மேகத்தைக் கொண்டுவந்து நிலாவை மூடிவிட்டார். அரை வரி வேலை. தீபாவளி இரவில் நிலவொளியில் பேசிக்கொண்ட இருவரைத் திண்ணை விளக்குக்கு அடியில் நகர்த்தினார்.

ஒரு சொல்லில் அடங்காததும் உண்டு. 1971இல் ஒரு பெண் ப்ளஸ் டூ படிக்கிறாள். தமிழகத்தில் அந்த முறை 1978இல்தான் வந்தது. அதற்கு முன் பதினோராம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி., பிறகு பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பு படிக்கக் கல்லூரிக்குப் போக வேண்டும். மகளை வெளியூருக்கு அனுப்ப மறுக்கிற அப்பாதான் அந்தப் பகுதியின் கதையே. பி.யு.சி. என்று மாற்றினால் அப்பா கெடுகிறார், எஸ்.எஸ்.எல்.சி. என்று மாற்றினால் பெண்ணுக்கு வயது குறைகிறது, அவளுடைய கல்யாணத் தேதி இடிக்கிறது. எழுத்தாளர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, பெண்ணை ஐந்தாம் வகுப்பில் அம்மை போட்டுப் படுக்க வைத்து ஓர் ஆண்டு இழக்கச் செய்தார். நல்ல யோசனை, பெரியவரும் ஒப்புக்கொண்டார்.

இனி உறவு நோட்டு. கட்டணம் முழுவதையும் இந்த ஒரு நோட்டுக்காகவே கொடுக்கலாம் என்பது என் கருத்து. வேற்றுமொழி நாவல்களில் கண்ணின் நிறம் மாறிவிடுவதைப் பெரிய குற்றமாகச் சொல்வார்கள். நம் கதைகளில் எல்லாருக்கும் கருவிழிதான், அந்தத் தொல்லை இல்லை. நமக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதிலேயே யார் யாரைக் கட்டலாம், யார் யாருக்குக் கொள்ளி வைக்கலாம், யாருக்குச் சொத்தில் பங்கு என்பதெல்லாம் அடங்கிவிடுகிறது. கூப்பிடும் முறை ஓரிடத்தில் பிசகினால் குடும்பமே பிசகிவிடும்.

இந்த நாவலில் வேலம்மாள் ஒரே மகள். நான்காம் அத்தியாயத்தில் இரத்தினத்தை “சித்தப்பா” என்று கூப்பிடுகிறாள். தகப்பனின் உடன்பிறந்த தம்பி. பின்னால் இரத்தினத்தின் மகன் தங்கவேலுக்கு அவளைப் பேசி முடிக்கிறார்கள். பேசி முடித்து, பூ வைத்து, தாம்பூலமும் மாற்றிவிடுகிறார்கள். தங்கவேல் அவளுக்கு அண்ணன் முறை! படித்தவர்கள் எவருக்கும் உறைக்காததற்குக் காரணம், நடுவில் பல அத்தியாயங்கள் இருக்கின்றன. முதல் எழுத்தில் இரத்தினம் தாய்மாமனாக இருந்திருக்கிறார், சொத்துத் தகராறுக்காகப் பின்னால் சித்தப்பா ஆனார், பாதியில் பழைய இரத்தினம் தலை காட்டிவிட்டார். பெரியவர் சிவப்பு மையில் ஒரு சொல்தான் எழுதியிருந்தார்: “பங்காளி.”

எழுத்தாளர் உடனே “அதற்கென்ன, மறுபடி மாமாவாகவே ஆக்கிவிடுகிறேன்” என்றார். மகள் உறவு அட்டவணையை எடுத்து மேசையில் விரித்தார். மாமா ஆனால் என்னென்ன ஆகும் என்று அதில் பக்க எண்ணோடு இருந்தது. ஒன்பதாம் அத்தியாயத்தில் இரத்தினம் பூர்வீகச் சொத்தில் பாதி தனக்கு என்று வழக்குப் போடுகிறார். மாமனுக்கு அங்கே என்ன பாத்தியதை? தகப்பன் சாவில் பங்காளியாக நின்று மொட்டை போடுகிறார். மாமன் என்றால் அவர் விதவையான தங்கைக்குப் பிறந்த வீட்டுக் கோடி எடுத்துக்கொண்டு வர வேண்டும். காதுகுத்தில் அவர் மடியில் குழந்தை உட்கார வேண்டும், சடங்கில் சீர்த்தட்டு அவர் வீட்டிலிருந்து வர வேண்டும். வழக்கு விழுந்தால் நாவலின் முதுகெலும்பு முறிகிறது. சித்தப்பாவாகவே இருக்கட்டும், மாப்பிள்ளையை மாற்றுங்கள் என்று முடிவாயிற்று.

மாப்பிள்ளைக்கு எங்கே போவது? சித்தியின் அண்ணன் மகன். சித்தி தாய் முறை, அவள் அண்ணன் மாமன் முறை, அவன் மகன் கட்டுகிற முறை. தங்கவேல் பெயரைக்கூட மாற்ற வேண்டியதில்லை, தகப்பனை மாற்றினால் போதும். அதோடு ஒரு எதிர்பாராத லாபமும் கிடைத்தது. பொன்னுத்தாய்ச் சித்திக்கு அதுவரை அடுப்படியைத் தவிர வேறு இடமில்லை. இப்போது கொழுந்தனாரின், மன்னிக்கவும், கணவனுடைய அண்ணனின் சொத்து தன் பிறந்த வீட்டுப் பிள்ளை வழியாகப் போகிறது என்றதும் அவளுக்குப் பேசுவதற்கு நிறைய வந்துவிட்டது. புருஷன் வழக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அதே சொத்தை அண்ணன் வீட்டுக்குத் திருப்புகிற ஒருத்தி! புத்தகத்தில் இப்போது என்னுடைய பிரியமான பாத்திரம் அவள்தான். (நானே ஒரு முறை உறவைத் தவறாகச் சொல்லித் திருத்திக்கொண்டேன் பாருங்கள், 480 பக்கத்தில் இது எத்தனை முறை நடக்கும்!)

பெரியவர் அதோடு விடவில்லை. வேலம்மாளின் தகப்பன் 1955 மாசியில் இறக்கிறார். அப்போது மகளுக்கு அந்தப் பங்கு எப்படி வரும் என்று கேட்டார். இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1956 ஜூன் 17. அதற்கு முன்னால் பாகம் பிரியாத குடும்பத்தில் இறந்தவரின் பங்கு மகளுக்கு இறங்காது. ஆகவே தகப்பன் இன்னும் இரண்டரை ஆண்டு உயிரோடு இருக்க வேண்டியதாயிற்று. 1957 ஆவணியில் செத்தார். அதனால் ஈமச்செலவுக் கணக்கில் அணாவோடு நயா பைசாவும் நுழைந்தது. மாசி மாதக் காய்ந்த ஆறு போய் ஆவணி மாதத்தில் மலையில் காய் பறிப்பு நடக்கிற நாள் ஆனது, ஆளெல்லாம் மலைமேல் இருக்கிறார்கள், சாவுக்கு இறங்கி வர நேரமாகிறது. அந்தத் தாமதத்தை எழுத்தாளர் பிடித்துக்கொண்டு மூன்று பக்கம் எழுதினார். பழைய சாவை விட இது நல்ல சாவு.

நான்காவது நோட்டுக்கு வருகிறேன். பதினேழாம் அத்தியாயத்தில் வேலம்மாள் புருஷனைப் பார்த்து, “என் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துத்தானே இந்தச் சட்டை?” என்று கேட்கிறாள். அடகுச் சீட்டு அவள் கையில் கிடைப்பது இருபத்தேழாம் அத்தியாயத்தில், அங்கே அவள் அதிர்ந்து உட்கார்ந்துவிடுகிறாள். எழுத்தாளர்கள் இதைச் சரிசெய்யும் வழக்கமான வழி, முந்தைய வசனத்தை வெட்டுவது. எங்கள் எழுத்தாளரும் வெட்டினார், இரண்டு நாள் கழித்துத் திரும்ப ஒட்டினார். அதற்குப் பதிலாக வெட்டியது இருபத்தேழாம் அத்தியாயத்து அதிர்ச்சியை. சீட்டு கிடைக்கும்போது அவள் ஏற்கெனவே அறிந்தவள். மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு உலை வைக்கப் போகிறாள். அவள் எப்படி அறிந்தாள் என்பதற்குப் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அடகுக்கடைக்காரரின் மனைவி கோயிலில் பேச்சை நிறுத்திக்கொள்கிற இரண்டு வரி போதுமானதாக இருந்தது. மூக்குத்தியை மீட்கவும் அந்தக் கடைக்குத்தான் போகிறாள், அதையும் அங்கேயே முடித்துக்கொண்டார்.

கணினி வேலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாவலில் மணி என்று ஒரு லாரி ஓட்டுநர், மணியன் என்று ஒரு கணக்கப்பிள்ளை. இருவரும் ஒரே காட்சியில் வந்தால் வாசகர் குழம்புவார் என்று மகள் குறித்திருந்தார். எழுத்தாளர் வீட்டில் உட்கார்ந்து, மணி என்பதை எல்லா இடத்திலும் ‘செல்வம்’ என்று மாற்றும்படி ஒரே பொத்தானை அழுத்திவிட்டார். “காலை எட்டு செல்வம்க்கு லாரி கிளம்பியது.” “கோயில் செல்வம் ஒலித்தது.” “என் கண்செல்வம்யே என்று கிழவி அணைத்துக்கொண்டாள்.” கணக்கப்பிள்ளை ‘செல்வம்யன்’ ஆகிவிட்டார். மாற்றிய கோப்பைச் சேமித்தும் விட்டார்.

தமிழில் பெயர் மாற்றுவது ஏன் இவ்வளவு சிக்கல் என்பதை அன்று அந்தப் பெண் எனக்கு விளக்கினார். மணியை என்பது செல்வத்தை ஆக வேண்டும், மணிக்கு என்பது செல்வத்துக்கு. வேற்றுமை உருபு ஏறும்போது மகர ஈற்றுப் பெயர் உருமாறுகிறது, இயந்திரத்துக்கு அது தெரியாது. ‘செல்வம்’ என்று தேடினால் ‘செல்வத்தை’ அகப்படாது, ‘செல்வ’ என்று தேடினால் செல்வாக்கும் செல்வியும் கூடவே வரும். ஆகவே ஒவ்வொன்றாக நின்று பார்த்துத்தான் மாற்ற வேண்டும். அவர் அப்படித்தான் செய்கிறார்.

இதைவிட நுணுக்கமான இடைஞ்சல் ஒன்றையும் அவரே கண்டுபிடித்தார். பொன்னுத்தாய் வரும் இடங்களையெல்லாம் தேடியபோது பிற்பாதியில் மட்டுமே கிடைத்தன. முற்பாதியில் அவள் இருக்கிறாள், கண்ணுக்குத் தெரிகிறாள், நாங்கள் பயன்படுத்திய செயலிக்குத் தெரியவில்லை. முற்பாதி பழைய எழுத்துருவில் தட்டச்சாகி ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றப்பட்டது. அந்த மாற்றத்தில் ‘பொ’ என்பதன் ஒகரக் குறி, கொம்பு தனி, கால் தனி என இரண்டு குறிகளாகப் பதிந்துவிட்டது. பிற்பாதியில் அது ஒரே குறி. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ‘ஸ்ரீ’க்கும் இதே கதைதான். அவர் எந்தக் கோப்பை வாங்கினாலும் முதலில் இவற்றையெல்லாம் ஒரே வகைக்குக் கொண்டுவந்த பிறகுதான் தேடத் தொடங்குகிறார். பழைய தட்டச்சுப் பிரதிகளை வைத்திருக்கும் எழுத்தாளர்கள் வேறு எதற்காக இல்லாவிட்டாலும் இதற்காகவாவது இவர்களிடம் போகலாம்.

குறைகளுக்கு வருவோம். சொன்ன தேதிக்கு வேலை முடியாது. கேட்டால் பெரியவர், “பஞ்சாங்கம் பார்க்க வேண்டியிருந்தது” என்பார், நாம் வாய் திறக்க முடியாது. பேச்சு வழக்கில் கை வைப்பது அவர் வேலையில்லை என்று தெளிவாகச் சொல்லியிருந்தும் கம்பம் பள்ளத்தாக்குப் பேச்சின் ஓரத்தில் “இப்படிச் சொல்ல மாட்டார்கள்” என்று பல இடங்களில் எழுதிவைத்தார். மதுரையில் சொல்ல மாட்டார்கள்தான், ஆனால் கதை நடப்பது அந்தப் பள்ளத்தாக்கில். எழுத்தாளர் கோபித்துக்கொண்டார், எனக்கும் கோபம்தான்.

மனத்தின் முரண்களை இவர்கள் தொடுவதில்லை. சித்தப்பாவை ஏழு ஆண்டு பார்க்காத வேலம்மாள் முப்பதாம் அத்தியாயத்தில் ஏன் திடீரென்று மன்னிக்கிறாள் என்ற கேள்வி எந்த நோட்டிலும் இல்லை. அதை நான்தான் கேட்க வேண்டியிருந்தது. பதிப்பாசிரியர் வேண்டாம், இவர்கள் போதும் என்று நினைக்கிறவர்கள் ஏமாந்து போவார்கள்.

வேண்டுமென்றே வைத்த முரணையும் இவர்கள் குறித்துவிடுகிறார்கள். கதைசொல்லி இரத்தினத்தை முதலில் ‘அவர்’ என்கிறார், வழக்குக்குப் பிறகு ‘அவன்’ என்கிறார். அது எழுத்தாளர் தெரிந்தே செய்தது, ஒரு வரியில் சொன்னதும் பெரியவர் தம் குறிப்பை அடித்துவிட்டார். ஆனால் வேறொன்றில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கிழவி ஒருத்தி பெருவெள்ளம் வந்த ஆண்டை இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொல்கிறாள். “வயதானவள், நினைவு தப்புகிறது ஐயா” என்றார் எழுத்தாளர். அதற்குப் பெரியவர், “தப்பட்டும். பக்கத்தில் இருக்கிற ஒருவராவது அவள் தப்பாகச் சொல்கிறாள் என்று முகம் சுளிக்க வேண்டும். இல்லையென்றால் நினைவு தப்பியது உங்களுக்கு என்றுதான் வாசகர் நினைப்பார்” என்றார். பேரன் ஒருவன் சிரிக்கிற வரி சேர்ந்தது.

கட்டணம் ஃபாரம் ஒன்றுக்கு 450 ரூபாய். எங்கள் நாவலுக்கு 13,500 ஆயிற்று. பாதி முன்பணம். திருத்திய பிறகு மறுபடி பார்க்க வேண்டுமென்றால் பாதிக் கட்டணம். முந்நூறு பிரதி அச்சடித்து விற்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இது சிறிய தொகை இல்லை. மறுவாசிப்புக்கு ஏன் தனிப்பணம் என்று பேரம் பேசிப் பார்த்தேன், படியவில்லை. மறுவாசிப்புப் பட்டியல் வந்தபோது அதில் இருந்தவை அநேகமாக எல்லாமே திருத்தியதால் பிறந்த புதுப் பிழைகள். 1957இல் இறந்த தகப்பன் 1956 பொங்கலுக்குப் படத்தில் மாலையோடு தொங்கினார். கொடுத்த பணம் அங்கேயே கழிந்துவிட்டது.

ஒரே ஊரில், ஒரு பருவத்தில், ஏழெட்டுப் பேரோடு முடிகிற நாவலுக்கு இவர்கள் தேவையில்லை. ஒவ்வோர் அத்தியாயத்தின் தலையிலும் மாதம், திதி, யார் யார் வீட்டில் இருக்கிறார்கள், யார் வயது என்ன என்று நான்கு வரி எழுதிக்கொண்டு, அதை மட்டும் வரிசையாக ஒரு முறை படித்தால் பாதிக்கு மேல் நாமே பிடித்துவிடலாம். தலைமுறைக் கதை, சொத்து வழக்கு, ஐம்பது பேருக்கு மேல் பாத்திரங்கள் என்றால் யோசிக்காமல் கொடுக்கலாம்.

கொண்டுபோகிறவர்கள் தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, ஓரத்தில் நான்கு விரல் இடம் விட்டு, பக்க எண் போட்டு எடுத்துப் போங்கள். எண் இல்லாத கட்டைப் பெரியவர் தொடவே மாட்டார். ஐப்பசி பிறந்த பிறகு போனால் மாசியில் வாருங்கள் என்பார், அதற்குள் சென்னைப் புத்தகக் காட்சி முடிந்திருக்கும். ஆடியில் போங்கள், அப்போது கூட்டம் இருக்காது.